சண்டை தீர்க்க ஒரு குழு போட்டால் சண்டை தீருமா? விக்கிப்பீடியா நடுவர் குழு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம். நான் இருக்கும் தன்னார்வக் குழு பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாக ஏற்றுகிறது. குழுவின் பெயர் இங்கே வேண்டாம். கொஞ்ச நாளாக மூத்தவர்கள் இருவருக்குள் தகராறு. பழைய பதிப்பில் உள்ள எழுத்துமுறையையும் சந்தியையும் அப்படியே விட வேண்டும் என்கிறார் ஒருவர். இன்று படிப்பவர்களுக்காகத் திருத்தலாம் என்கிறார் மற்றவர். பேச்சாக இருந்தவரை பரவாயில்லை. இப்போது ஒருவர் முடித்த பக்கத்தை இன்னொருவர் திரும்பத் திருத்துகிறார், குழுவில் குத்தலாக எழுதுகிறார்கள், புதிதாக வந்த பிள்ளைகள் எதற்கு வம்பு என்று ஒதுங்குகிறார்கள்.

"விக்கிப்பீடியாவில் நடுவர் குழு இருக்கிறதே, நாமும் ஐந்து பேரைப் போட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொல்வோம்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அது உண்மையில் எப்படி வேலை செய்கிறது? முப்பது பேர் இருக்கும் இடத்துக்கு ஆகுமா?

மாடித்தோட்டம் எழுதியது:

ஆங்கில விக்கிப்பீடியாவில் நெடுநாளாகத் தொகுக்கிறேன். நடுவராக இருந்ததில்லை, ஒரு வழக்கில் சாட்சியம் எழுதியிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் வழக்கை அந்தக் குழுவிடம் கொண்டுபோனால், பழைய எழுத்தா புதிய எழுத்தா என்ற கேள்வியைத் தொடவே மாட்டார்கள். கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது மட்டும்தான் அவர்கள் எல்லை. மாற்றி மாற்றித் திருத்திச் சண்டை போட்டாரா, ஆளைத் திட்டினாரா, கைப்பாவைக் கணக்கு (ஒரே ஆள் வேறு பெயரில் திறக்கும் கணக்கு) வைத்து வாக்கு சேர்த்தாரா, நிருவாகி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாரா, இவ்வளவுதான். வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதை ஓர் ஆசிரியர் குழு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வந்த கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது. 2001-இல் தளம் தொடங்கியபோது ஆட்கள் குறைவு. ஒருவரை விலக்குவதென்றால் கடைசி வார்த்தை தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸுடையது. கூட்டம் பெருகப் பெருக அது ஒரு மனிதரால் ஆகிற வேலையாக இல்லை. 2003 இறுதியில் அவர் இரண்டு குழுக்களை உருவாக்கினார்: ஒன்று சமரசக் குழு, மற்றொன்று நடுவர் குழு. நடுவர் குழு 2004 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. முதலில் அவரே ஆட்களை நியமித்தார், அப்புறம் தேர்தல் வந்தது. 2009 முதல் இரகசிய வாக்கு. இப்போது 15 இடங்கள், பதவிக்காலம் பொதுவாக இரண்டு ஆண்டு, ஆண்டு இறுதியில் தேர்தல். ஒரு காசு சம்பளம் கிடையாது.

வழக்கு நடக்கும் விதம்: யாராவது மனு போடுவார்கள். எடுப்பதா வேண்டாமா என்று நடுவர்கள் பொதுவில் வாக்களிப்பார்கள். எடுத்தால் சாட்சியக் கட்டம். வழக்கில் தொடர்புடையவருக்கு ஆயிரம் சொல், மற்றவருக்கு ஐந்நூறு சொல் என்று வரம்பு வைப்பார்கள். (இந்த வரம்பு இல்லையென்றால் ஒரு வழக்குக்கு ஒரு நாவல் எழுதிவிடுவார்கள்.) "அவர் எப்போதும் இப்படித்தான்" என்று எழுதினால் செல்லாது. இன்ன நாள், இன்ன திருத்தம் என்று இணைப்பு தர வேண்டும். பிறகு வரைவுத் தீர்ப்பு. அதில் கோட்பாடுகள், கண்டறிந்த உண்மைகள், நடவடிக்கைகள் என்று பகுதி பகுதியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி வாக்கு. யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோரும் பார்க்கலாம்.

தண்டனை என்றால் எடுத்த எடுப்பிலேயே வெளியேற்றம் இல்லை. இன்ன தலைப்புப் பக்கம் வரக்கூடாது என்று தலைப்புத் தடை, இன்னாரோடு பேசக்கூடாது என்று இருவருக்கிடையே தடை, நிருவாகி அணுக்கம் பறிப்பு, கடைசியாகத்தான் மொத்தத் தடை.

கடலோடி எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது அக்கா. நடத்தை வேறு, உள்ளடக்கம் வேறு என்று கோடு போடுவது எளிது. நிஜத்தில் எந்தச் சண்டையில் அந்தக் கோடு தெரிகிறது? மரியாதையாகப் பேசிக்கொண்டே வருடக்கணக்கில் ஒரு கட்டுரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டே போகிறவனை என்ன செய்வீர்கள்? அவன் யாரையும் திட்டுவதில்லை. கோபப்பட்டுக் கத்துகிறவன் எதிராளிதான். தண்டனை கத்தினவனுக்குத்தான் போகும்.

இன்னொன்று, "எல்லாம் பொதுவில்" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தனி மின்னஞ்சல் பட்டியல் இருக்கிறது, பாதிப் பேச்சு அங்கேதான். 2011-இல் அந்த உள் அஞ்சல்கள் கசிந்து ஊரே படித்தது.

மாடித்தோட்டம் எழுதியது:

கசிந்தது உண்மைதான். ஒருவருடைய அடையாளம், மிரட்டல், குழந்தைப் பாதுகாப்பு மாதிரி விஷயங்களைப் பொதுவில் வைக்க முடியாது என்பதும் உண்மை. அந்த அறை தேவை. எவ்வளவு பெரிய அறை என்பதில்தான் ஆண்டுதோறும் தேர்தல் சமயத்தில் சண்டை.

உங்கள் முதல் கேள்வி கடினமானது. மரியாதையான சாய்ப்பு அவர்களுக்கே தலைவலி. இரண்டாம் உலகப் போர்க்கால போலந்தில் யூதர்களின் வரலாறு பற்றிய கட்டுரைகளைப் பாருங்கள். 2019 வழக்கு ஒன்றில், அந்தத் தலைப்புக்கு மட்டும் சான்றுகளின் தரத்தை உயர்த்தினார்கள்: ஆய்விதழ்கள், கல்விப்புல நூல்கள், மதிப்புள்ள நிறுவன வெளியீடுகள், இந்த மாதிரி. என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை, எதை வைத்து எழுதலாம் என்று சொன்னார்கள். அப்படியும் முடியவில்லை. 2023 பிப்ரவரியில் வரலாற்றாய்வாளர்கள் இருவர் அந்தக் கட்டுரைகள் திட்டமிட்டுத் திரிக்கப்படுவதாக ஆய்விதழில் எழுதினார்கள். மனு எதுவும் வராமலேயே நடுவர் குழு தானாக ஒரு வழக்கைத் திறந்தது. மே மாதம் தீர்ப்பு, சிலருக்குத் தலைப்புத் தடை. சான்றில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது நடத்தைக் குற்றம் என்பதுதான் அங்கே பிடி. அதுவரை நீண்ட காலம் ஓடிவிட்டது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

நள்ளிரவு நிரலர் எழுதியது:

உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கிற குழுவுக்கும் உதாரணம் இருக்கிறது. தெபியனின் தொழில்நுட்பக் குழு. (தெபியன் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம்.) 1998-இல் ஏற்ற அமைப்பு விதிகளிலேயே அது உண்டு, அதிகபட்சம் எட்டுப் பேர். பராமரிப்பாளர்களுக்குள் ஒத்துவராவிட்டால் "இதைத்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இருக்கிறது.

2014 பிப்ரவரியில், கணினி தொடங்கும்போது மற்றச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளை இயல்பிருப்பாக (யாரும் மாற்றாவிட்டால் தானாக வருவதாக) வைப்பதா என்ற கேள்வி வந்தது. எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்தார்கள். தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி ஜெயித்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் சண்டை அடங்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க இழுத்தது, நவம்பரில் குழுவிலிருந்தே மூன்று பேர் விலகினார்கள், ஒரு பகுதி ஆட்கள் பிரிந்துபோய் தெவுவான் என்று தனி வழங்கல் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் தொழில்நுட்பக் குழு உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பே கொண்டுவந்தார்கள்.

மென்பொருளில் ஏதாவது ஒன்றை இயல்பிருப்பாக வைத்தே ஆக வேண்டும், இரண்டையும் வைக்க முடியாது. அந்த மாதிரி இடத்தில் தீர்ப்புச் சொல்கிற குழு தேவைதான். சுவடி அண்ணே, உங்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்கிறதா? கோப்பில் மூலப் பாடம் ஒன்று, திருத்திய பாடம் ஒன்று என்று இரண்டையும் வைத்தால் என்ன?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இரண்டு பதிப்பு யோசனை வந்தது. வேலை இரட்டிப்பாகும் என்று இருவருமே சேர்ந்து எதிர்த்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் :)

மாடித்தோட்டம் அக்கா, சமரசக் குழு என்று ஒன்றைச் சொன்னீர்களே. அது என்ன ஆனது? எங்களுக்கு அதுதான் சரிப்படும் போலிருக்கிறது.

மாடித்தோட்டம் எழுதியது:

மூடிவிட்டார்கள். 2018-இல், சமூகமே கருத்துக் கேட்டு மூடியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வழக்கு ஏறக்குறைய வரவே இல்லை.

காரணம் அமைப்பிலேயே இருந்தது. அங்கே போக வேண்டுமானால் தகராறில் உள்ளவர்கள் தாங்களாகவே சம்மதிக்க வேண்டும். மாட்டோம் என்றால் அவ்வளவுதான். தனக்குச் சாதகமாகக் காற்று வீசுகிறது என்று நினைப்பவர் எதற்குச் சம்மதிப்பார்? சம்மதிக்கிற அளவுக்குப் பக்குவம் இருந்தால் கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்திலேயே முடிந்திருக்கும். நல்ல மனிதர்கள் நடத்தினார்கள், நாகரிகமான முறை, ஆனாலும் நிலைக்கவில்லை. தண்டிக்கும் அதிகாரம் உள்ள குழு நிலைத்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஆனால் சமரசம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, சின்னச் சின்ன இடங்களுக்கு இறங்கிவிட்டது. இரண்டே பேர் மோதினால் "மூன்றாம் கருத்து" என்று ஒரு பக்கம். சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் வந்து படித்துப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போவார். கட்டாயம் இல்லை, தேர்தல் இல்லை, பதவி இல்லை. பல சமயம் அதோடு முடிந்துவிடும், ஏனென்றால் இருவருக்குமே மூன்றாவது ஆள் கேட்பதே ஆறுதல். அடுத்து 2011-இல் தொடங்கிய தகராறு தீர்வுப் பலகை. அதுவும் போதாதென்றால் பரவலான கருத்துக் கேட்பு, வழக்கமாக 30 நாள். நடுவர் குழு இதற்கெல்லாம் கடைசியில் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளில் அங்கே வழக்குகள் குவிந்தன. இப்போது ஓராண்டில் எடுப்பதை விரல்விட்டு எண்ணலாம். கீழ்ப்படிகள் வேலை செய்கிறதற்கு அதுதான் அடையாளம் என்பது என் எண்ணம். கடலோடி ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடலோடி எழுதியது:

ஒத்துக்கொள்ள மாட்டேன். வழக்கு குறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. இஸ்ரேல்-பாலஸ்தீனம், இந்தியா-பாகிஸ்தான் மாதிரி தலைப்புகளில் ஒரு நிருவாகியே தனியாக முடிவெடுத்துத் தலைப்புத் தடை போடலாம் என்று நடுவர் குழு அதிகாரத்தைக் கீழே கொடுத்துவிட்டது. வழக்கு குறைந்தது, தண்டனை குறையவில்லை. இஸ்ரேல்-பாலஸ்தீனத் தலைப்பில் கணக்குத் தொடங்கி 30 நாளும் 500 திருத்தமும் ஆகாதவர் கட்டுரையில் கையே வைக்க முடியாது. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பனங்கொட்டை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் கதையில் எங்கட பக்கத்துச் சங்கதி ஒன்று இருக்குது, ஒருவரும் சொல்லவில்லையே.

போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைக் கட்டுரைகள் ஒரு போர்க்களம்தான். ஒரு குண்டு வெடித்தால் அது செய்தியாக வரும் முன்னமே கட்டுரையில் அடிபாடு தொடங்கிவிடும். அப்போது தமிழ்த் தொகுப்பாளர்களும் சிங்களத் தொகுப்பாளர்களும் வெளியாட்கள் சிலரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்று ஒன்றை அங்கேயே தொடங்கினார்கள். அது மேலேயிருந்து போட்ட குழு இல்லை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை.

அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது சான்றுகள் பற்றிய உடன்பாடு. ஒரு தரப்புச் சார்பான தளம் என்றதற்காக முற்றாக ஒதுக்கவில்லை. இன்ன தரப்புச் சார்பானது என்று பெயர் சொல்லி மேற்கோள் காட்டலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அரச தரப்புக்கும் அதே விதி. ஒவ்வொரு கட்டுரையிலும் புதிதாகச் சண்டை பிடிக்கத் தேவையில்லாமல் போனது. எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைக்க ஓர் இடம் இருந்தது, அந்த நேரத்தில் வெளியுலகில் அப்படி எத்தனை இடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கோ.

மாடித்தோட்டம் எழுதியது:

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள் பனங்கொட்டை. இதே மாதிரி 2005-இல் போலந்து நகரம் ஒன்றின் பெயருக்கு நடந்தது. போலிஷ் பெயரான க்டான்ஸ்க் என்பதா, ஜெர்மன் பெயரான டான்சிக் என்பதா? வரலாற்று நூல்கள் காலத்துக்கு ஒரு பெயர் சொல்கின்றன. தொகுப்பாளர்கள் வாக்கெடுத்து, 1308 முதல் 1945 வரையான காலத்துக்கு டான்சிக், மற்றக் காலங்களுக்கு க்டான்ஸ்க் என்று கோடு போட்டார்கள். இருபது வருடமாக அந்தக் கோடு பெரும்பாலும் தாங்குகிறது.

நடுவர் குழுவே அப்படித் தள்ளிவிடுவதும் உண்டு. எருசலேம் கட்டுரையின் முதல் பத்தியில் இஸ்ரேலின் தலைநகரம் என்பதை எப்படி எழுதுவது என்று ஓயாத சண்டை. குழு என்ன செய்தது தெரியுமா? தான் சொல்லாமல், முறையாக ஒரு கருத்துக் கேட்பு நடத்துங்கள், வருகிற முடிவு மூன்று ஆண்டுக்குக் கட்டுப்படுத்தும் என்று உத்தரவு போட்டது. 2013-இல் நடத்தினார்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கூட்டம். பதில் சொல்லும்போது அடிதடி நடக்காமல் பார்ப்பது குழு. சுவடி, உங்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

கடலோடி எழுதியது:

பெரிய இடத்துக்கு அது சரி. ஆயிரக்கணக்கில் தொகுப்பாளர் இருந்தால் பதினைந்து பேர் தேர்தலில் வருவார்கள், அவர்களுக்குச் சம்பந்தமில்லாத வழக்கு வரும். சின்ன இடத்தில்? குரோவாசிய விக்கிப்பீடியாவைப் பாருங்கள். ஒரு சில நிருவாகிகள் சேர்ந்துகொண்டு பத்து வருடம் போல அதைத் தீவிர வலதுசாரி வரலாற்றுத் திரிபுக்குப் பயன்படுத்தினார்கள். எதிர்த்துக் கேட்டவர்களைத் தடை செய்தார்கள். 2013-இலேயே அந்நாட்டுக் கல்வியமைச்சர் மாணவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று சொன்னார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறிக்கை வந்தது 2021-இல். அந்தச் சமூகத்தில் நடுவர் குழுத் தேர்தல் வைத்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? அதே ஆட்கள்தான். குற்றவாளிக்கூண்டும் நீதிபதி நாற்காலியும் ஒரே ஆளுக்கு.

நள்ளிரவு நிரலர் எழுதியது:

குழுவை யார் கேட்பது என்பதும் அங்கேதான் வருகிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் சமூகத்தில் 2021 நவம்பரில், நடத்தையைக் கவனிக்கும் மட்டுறுத்தல் குழு முழுவதும் ஒரே நாளில் விலகியது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டது, அதனால் நடத்தை விதியை அவர்கள்மேல் எங்களால் அமல்படுத்த முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2023-இல் மையக் குழுவுக்குப் பதில் தலைமைக் கவுன்சில் என்று புது அமைப்பே வந்தது. புதிதாக வந்த பையன்மேல் நடத்தை விதியைக் காட்டுவது எல்லா இடத்திலும் எளிது.

மாடித்தோட்டம் எழுதியது:

மேலே இருப்பவர் நுழைந்தாலும் சிக்கல்தான். 2019 ஜூனில் அறக்கட்டளையே நேரடியாக ஆங்கில விக்கிப்பீடியாவின் மூத்த நிருவாகி ஒருவரை ஓராண்டு தடை செய்தது. காரணம், சாட்சியம் எதுவும் வெளியே இல்லை. அவர் கடுமையாகப் பேசுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்காக யாரும் அழவில்லை. ஆனாலும் இருபதுக்கும் மேற்பட்ட நிருவாகிகள் பதவி விலகினார்கள். எங்களுக்குள் தேர்ந்தெடுத்த குழு இருக்கும்போது அதைத் தாண்டி ஏன் வந்தீர்கள் என்பதே கேள்வி. கடைசியில் கோப்பு நடுவர் குழுவிடம் போனது. செப்டம்பரில் தடையை நீக்கினார்கள், நிருவாகி அணுக்கத்தைத் திருப்பித் தரவில்லை. அவர் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள். அவரை விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதற்குத்தான் அத்தனை கலவரம்.

கடலோடி சொல்லும் சின்ன விக்கிகளின் சிக்கலுக்குத்தான் இப்போது உலகப் பொது நடத்தை விதியும், அதற்கு 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருங்கிணைப்புக் குழுவும். 16 இடம், பாதி வட்டாரவாரியாக, தெற்காசியாவுக்கும் ஒன்று. உள்ளூரில் கேட்க ஆளில்லாதபோது வெளியே கேட்க ஓர் இடம். முதல் தேர்தலில் எல்லா இடமும் நிரம்பவில்லை, மறுபடி வைத்தார்கள். தன்னார்வலர்களிடம் இந்த வேலைக்கு அவ்வளவு ஆசை.

திண்ணைப்பேச்சு எழுதியது:

தமிழ் விக்கிப்பீடியாவில் என்ன செய்கிறார்கள்? 2003-லிருந்து ஓடுகிறது, அங்கே நடுவர் குழு கிடையாதே.

மாடித்தோட்டம் எழுதியது:

கிடையாது. ஆலமரத்தடி என்ற பொதுப் பக்கத்தில் பேசுகிறார்கள். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக நடந்த விவாதங்களைப் படித்துப் பாருங்கள். சுவடியின் குழுவுக்கு நேரடியாக உதவும். பெரும்பாலும் முடிவு வராமல் களைத்துப் போய் நிற்கும், ஆனால் கட்டுரை வேலை நடந்துகொண்டிருக்கும். முறையாகத் தொகுப்பவர்கள் கொஞ்சம் பேர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பதினைந்து பேரை எங்கே தேடுவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் பேசினோம். ஐந்து பேர் தீர்ப்புக் குழு வேண்டாம் என்று முடிவு. பழைய எழுத்து விவகாரத்தைப் பிரித்துவிட்டோம்: இன்ன ஆண்டுக்கு முந்தைய பதிப்பென்றால் அப்படியே, அதற்குப் பிந்தையதென்றால் சந்தி மட்டும் திருத்தலாம் என்று ஒரு வரைவு. க்டான்ஸ்க் கதையைச் சொன்னதும் ஆண்டு வைத்துக் கோடு போடலாம் என்று அவர்களில் ஒருவரே சொன்னார். எந்த ஆண்டு என்பதற்கு எல்லோரும் வாக்களிப்போம்.

மாற்றி மாற்றித் திருத்துவதும் குத்தலாக எழுதுவதும் தனி. அதற்கு மட்டும் வெளியாள் இருவர் பார்க்கட்டும் என்று நினைக்கிறோம்.

கடலோடி எழுதியது:

அந்த இருவரையும் யார் தேர்ந்தெடுப்பது?

நள்ளிரவு நிரலர் எழுதியது:

ஏழெட்டுப் பெயர் போட்டு இரண்டு தரப்புக்கும் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பெயரை அடிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம். மிச்சம் இருப்பவர்களில் இருவர். இரகசியமாகத்தான் கேட்க வேண்டும், இல்லையென்றால் பெயர் அடிக்கப்பட்டவர் புதுச் சண்டை தொடங்குவார். எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சரி, இது செய்யக்கூடியதாக இருக்கிறது. பட்டியல் போட ஆரம்பிக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர், எங்கள் குழுவில் யாரையும் தெரியாதவர், இரண்டும் பொருந்துகிறவர் யாராவது இங்கே இருந்தால் தனிமடல் போடுங்கள். கடலோடி அண்ணே, உங்கள் பெயரையும் சேர்க்கலாமா?

கடலோடி எழுதியது:

சேருங்கள். இருவரும் சேர்ந்து முதலில் அடிக்கிற பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.